வானத்துக்கு மூன்று உறவினர்

கல் வந்து இறங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. அதில் வெட்ட வேண்டியது மூன்றே மூன்று சொல்: இங்கிருந்து வானம் தெரியும். பெயர், பிறந்தது, போனது எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் லிஃப்ட்காரர். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறார்கள் என்பது அவர் கட்சி.

கல்தச்சர் சீட்டை வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு உளியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

“அண்ணே, ‘இங்கிருந்து’ வேணும்னா இப்பவே வெட்டித் தர்றேன். ‘தெரியும்’கூடப் பிரச்சனையில்லை. நடுவுல இருக்கிறதுக்கு மட்டும் சான்றிதழ் கொண்டுவந்துடுங்க.”

“வானத்துக்கா?”

“சொல்லுக்கு. வானம், கடவுள், பகல், ஒளி, சொர்க்கம். இந்த அஞ்சும் பட்டியல்ல இருக்கு. கல்லுல வெட்டணும்னா அது எந்த வீட்டுப் பிள்ளைன்னு சான்று வேணும். போன வருஷம் தெரியாம ஒரு கல்லுல ‘ஒளி’ன்னு வெட்டிட்டேன். நேரா வந்து சீல் வெச்சுட்டாங்க.”

“கல்லுக்கா?”

“உளிக்கு.”

லிஃப்ட்காரர் தலையை ஆட்டினார். அவருக்குக் கோபம் வரவில்லை. மனைவி போன நாளிலிருந்தே அவருக்கு எதுவும் வருவதில்லை. அடக்கத்தன்று எல்லாரும் அழுதார்கள். அவர் மட்டும் அந்த மண்டபத்துக் கதவு ஏன் முழுசாக மூடாமல் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கீலில் எண்ணெய் இல்லை. அதைச் சொல்லக்கூட வாய் வரவில்லை.

முப்பத்துநாலு வருடம் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்த்தவர். அவர் மனைவி இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவர். ஒருவர் மேலும் கீழும், ஒருவர் நீளமும் அகலமும் என்று கல்யாணத்தில் யாரோ கிண்டல் செய்தது அப்படியே நிலைத்துவிட்டது. அந்த அம்மாள் காலையில் வண்டியில் ஏறுமுன் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார். மேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடைத்த கட்டிலிலோ, ஜன்னல் தலைமாட்டுக்குப் பின்னால் இருந்தது. கழுத்தைத் திருப்ப முடியாது. ஒரு மத்தியானம், “வானம் தெரியுதா?” என்று கேட்டார். லிஃப்ட்காரர் எழுந்து ஜன்னல் வழியே பார்த்தார். நாலடி தள்ளி அடுத்த கட்டடத்தின் சுவர். சுவரில் இரண்டு குழாய்.

“தெரியுது” என்றார்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு. கொஞ்சம் மேகம்.”

அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். அதன் பிறகு எதுவும் பேசவில்லை. கல்லறைத் தோட்டத்தில் இடம் பார்க்கப் போனபோது, கிடைத்த இடத்துக்கு மேலே மரம் இல்லை, சுவர் இல்லை, கம்பி இல்லை. சொன்ன பொய்யை மெய்யாக்க இன்னும் ஒரு வழி இருக்கிறது என்று அங்கேதான் அவருக்குத் தோன்றியது. எழுதி வைத்துவிட்டால் போதும். அதற்காகத்தான் அந்த மூன்று சொல்.

அந்தச் சான்றிதழைத் தருவது சொற்பிறப்பு இயக்ககம். அது பிறந்த கதை சின்னதுதான். ரொம்ப காலத்துக்கு முன்னால் சில அறிஞர்கள் உட்கார்ந்து பல மொழிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எங்கெங்கோ தூரத்தில் கிடக்கும் மொழிகளில் வானத்துக்கும் பகலுக்கும் கடவுளுக்கும் உள்ள சொற்கள் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று கண்டுபிடித்தார்கள். நல்ல கண்டுபிடிப்பு, யாருக்கும் தொந்தரவு இல்லாதது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கண்டுபிடிப்பைக் காப்பாற்ற ஒரு அறை கொடுத்தார்கள், அறையைக் காப்பாற்ற ஒரு காவலர், காவலருக்குக் கையெழுத்துப் போட ஒரு பதிவேடு, பதிவேட்டுக்கு ஒரு கண்காணிப்பாளர். இப்போது ஐந்து மாடி.

லிஃப்ட்காரர் முதல்முறை போனது செவ்வாய்க்கிழமை. கதவு பூட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமைக்குச் சில வட ஐரோப்பிய மொழிகளில் அந்த வேர் வீட்டுக் கடவுள் ஒருவரின் பெயர் இருப்பதால் விடுமுறை என்று பலகை சொன்னது. வியாழக்கிழமை போனார். வியாழனுக்கு வேறு சில மொழிகளில் ரோமானியக் கடவுள் ஜூபிடரின் பெயர். ஜூபிடரும் அதே வீடு. அதற்கும் விடுமுறை. வெள்ளிக்கிழமை திறந்திருந்தது. பாதிப் பேர் வரவில்லை.

மூன்றாம் ஜன்னலில் ஒல்லியான ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு சலனமும் கிடையாது. மரப்பொம்மையில் வாய் மட்டும் அசைகிற மாதிரி பேசுவார். விண்ணப்பத்தை வாங்கினவர் முதல் வேலையாகத் தேதியை அடித்தார்.

“தேதி எழுதக் கூடாது சார். நாள், பகல் எல்லாம் அந்த வீட்டுச் சொந்தம். சான்றில்லாம எழுதினா தப்பு.”

“அப்ப எப்பக் கொடுத்தேன்னு எப்படித் தெரியும்?”

“தெரியாது சார்.”

அந்த அலுவலகத்தில் எந்தக் காகிதத்திலும் தேதி கிடையாது. ஆகவே தாமதம் என்ற பேச்சும் அங்கே கிடையாது. குமாஸ்தா அடுத்ததாக நடுச் சொல்லைப் பார்த்தார். அதைத் தொடாமல் பேனா முனையை ஓர் அங்குலம் தள்ளி வைத்துக்கொண்டார்.

“இந்த மேற்படிப் பொருள் இருக்கே சார்.”

“எது, வானமா?”

“நாங்க அப்படி எழுதறதில்லை. பட்டியல் சொல்லை ஊழியர் யாரும் எழுதக் கூடாது. ‘மேற்படிப் பொருள்’னுதான் போடுவோம். ஏன்னா எங்க கையால, எங்க முத்திரையோட எழுதிட்டா அது பதிவான வாக்கியம் ஆயிடும். பதிவான வாக்கியத்துக்குச் சான்றிதழே வேண்டாம், யார் வேணும்னாலும் அப்படியே எடுத்துப் போட்டுக்கலாம். நாங்க எழுதினதை நாங்களே சந்தேகப்பட முடியாதில்லையா. உங்க வாக்கியம் பதிவேட்டுல இருக்கா?”

“இல்லைங்க.”

“இருக்காது. யாரும் எழுதலையே. சரி, சொல்லுக்கு மூணு மொழியில மூணு உறவுக்காரங்க வேணும். கொண்டுவந்திருக்கீங்களா?”

லிஃப்ட்காரர் கொண்டுவரவில்லை. குமாஸ்தா ஐந்தாம் மாடிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். லிஃப்ட் ஓடவில்லை. அதன் கதவு பாதி மூடி, ஒருமுறை உதறி, மறுபடி திறந்துகொண்டது. கதவின் சென்சார் கண்ணில் தூசி. கட்டைவிரலால் துடைத்தால் சரியாகிவிடும். காவலரிடம் சொன்னார். அதற்கும் விண்ணப்பம் இருக்கிறது என்றார் காவலர். ஐந்து மாடியும் படியேறினார்.

இயக்குநர் நல்ல மனிதர். கெட்ட மனிதராக இருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். அவர் அறைச் சுவர் முழுக்க ஒரு வம்ச வரைபடம். உச்சியில் ஒரு நட்சத்திரக் குறியும் அதையடுத்து வாயில் நுழையாத ஒரு சொல்லும். அதிலிருந்து கோடுகள் கீழே இறங்கிப் பிரிந்து சுவரின் அடி வரைக்கும் ஓடின.

“உட்காருங்க. இதுதான் மூலம். பிரகாசிக்கிறதுன்னு பொருள். இதுலேருந்து சமஸ்கிருதத்துப் பக்கம் தியௌஸ், கிரேக்கத்துப் பக்கம் ஸ்யூஸ், ரோமுப் பக்கம் ஜூபிடர். ஜூபிடரோட பின்பாதிக்கு அப்பான்னு அர்த்தம். வான அப்பா. அப்புறம் தேவன், லத்தீன்ல தேயுஸ், பகலுக்கான சொல், எல்லாம் ஒரே அடுப்படியில சாப்பிட்ட பிள்ளைங்க.”

“இந்த நட்சத்திரம் எதுக்கு சார்?”

“இந்தச் சொல்லை யாரும் எழுதிப் பார்த்ததில்லை, பேசிக் கேட்டதில்லைங்கிறதுக்கு அடையாளம். பிள்ளைங்க முகத்தை வெச்சு அப்பன் முகத்தை வரைஞ்சது.”

“அப்ப அது நிஜமா இருந்துச்சா?”

இயக்குநர் அவரைக் கனிவோடு பார்த்தார். “இருக்கிறதுலயே நம்பகமானது அதுதான். எழுத்துல இருக்கிற சொல்லெல்லாம் யார் யார் வாயிலயோ விழுந்து தேய்ஞ்சு போனது. யார் வாயிலயும் விழாதது இது ஒண்ணுதான். மனுஷங்களும் அப்படித்தான். இங்கே நான் கண்ணால பார்க்கிற ஊழியர்கள் மேல தினம் ஒரு புகார். நான் பார்க்காத ஊழியர்கள் பதினோரு பேர் இருக்காங்க, சம்பளப் பட்டியல்ல மட்டும். இதுவரைக்கும் ஒரு குறை கிடையாது.”

லிஃப்ட்காரர் வரைபடத்தைப் பார்த்தார். கிரேக்கப் பக்கத்தில் ஒரு சொல்லின் மேல் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டிருந்தது.

“அது தியோஸ்” என்றார் இயக்குநர். குரல் கொஞ்சம் தழைந்தது. “கிரேக்கத்துல கடவுள்னு அர்த்தம். தேயுஸ் பக்கத்துல நிறுத்தினா ரெட்டைப் பிள்ளைன்னு சத்தியம் பண்ணுவீங்க. நாலு பேர் அதை நம்பித்தான் இந்த வீட்டுல சேர்த்தாங்க. விசாரிச்சா ஒட்டும் இல்லை உறவும் இல்லை. உருவத்தை நம்பக் கூடாதுன்னு அன்னைக்குப் புரிஞ்சது. அதுலேருந்து நான் விண்ணப்பதாரர்களோட முகத்தைப் பார்த்து எதையும் முடிவு பண்றதில்லை. விண்ணப்பத்தையும்தான். இன்னொண்ணு பாருங்க, தேவன். இந்தப் பக்கம் தேவன். அதே பிள்ளை பக்கத்துல பாரசீகத்துக்குப் போனான், அங்கே பேய்னு பேர் வாங்கிட்டான். இடமாற்றம்னா எவ்வளவு யோசிச்சுப் போடணும். அதனாலதான் நான் பத்தொன்பது வருஷமா இந்த நாற்காலியை விட்டு எங்கேயும் போகலை.”

“என் சொல்லு சார்” என்றார் லிஃப்ட்காரர்.

“உங்க சொல் இந்த வீடே இல்லை. வேற குடும்பம்.”

“அதுக்கும் சொந்தக்காரங்க இருப்பாங்களே, அக்கம்பக்கத்து மொழியில.”

“இருக்கலாம். எங்க வாசலுக்கு வந்து யாரும் உறவு சொல்லலை. மேற்படிப் பொருளை நீங்க பார்க்கிறதுக்குத் தடை இல்லை. எல்லாரும் பார்க்கலாம், அதுல நாங்க ரொம்பத் தாராளம். கல்லுல எழுதுறதுன்னா அது உரிமை கொண்டாடுறது.” அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். “ஆனா உங்களைப் பார்த்தா பாவமா இருக்கு. சொல்லுக்கு உறவு இல்லாதபோது சொன்னவருக்கு உறவு இருந்தா போதும்னு ஒன்பதாம் நம்பர் படிவம் ஒண்ணு இருக்கு. மறைந்தவரோட ரத்த உறவு மூணு பேரைக் கூட்டிட்டு வாங்க. அவங்களை ஒப்பிட்டு, உங்க மனைவியை நாங்க மீட்டெடுக்கிறோம். மீட்டெடுத்தா அவங்க கடைசியா என்ன சொல்லியிருப்பாங்கன்னு தெரிஞ்சுடும். அதைக் கல்லுல போட்டுக்கலாம்.”

“அவ என்ன சொன்னான்னு எனக்குத் தெரியும் சார். நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

“அதனாலதான் உங்களை எடுத்துக்க முடியாது. நீங்க ரத்த உறவா?”

“புருஷன்.”

“கடன்சொல்” என்று இயக்குநர் குறித்துக்கொண்டார். “தப்பா நினைக்காதீங்க. வேற மொழியிலேருந்து வந்து, ரொம்ப காலம் கூடவே புழங்கி, ஒட்டிக்கிட்டது. பார்த்தா சொந்தம் மாதிரியே இருக்கும். வம்சத்துல கணக்கில்லை.”

லிஃப்ட்காரர் ஐந்து மாடியும் இறங்கினார். முப்பத்தோரு வருட வாழ்க்கையை ஒருவர் ஒரே சொல்லில் அடித்துவிட்டார் என்பது மூன்றாம் மாடி வரும்போதுதான் புரிந்தது. புரிந்தும் ஒன்றும் செய்யவில்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கால் தொட்டுப் பார்க்கிற மாதிரி அதை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். மரத்துத்தான் இருந்தது.

மகள், மைத்துனி, பெரிய மைத்துனர் என மூன்று பேரைச் சேர்க்க இரண்டு மாதம் ஆனது. மைத்துனர் வெளியூர். மகளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மைத்துனி மட்டும் சொன்ன அன்றே கிளம்பி நின்றாள்.

ஒப்பீட்டு அறையில் மூன்று நாற்காலி, எதிரே இயக்குநர், பக்கத்தில் குறிப்பெடுக்க அதே மூன்றாம் ஜன்னல் குமாஸ்தா. லிஃப்ட்காரரைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு முக்காலியில் உட்காரவைத்தார்கள். கடன்சொல் பேசக் கூடாது என்று கயிற்றில் ஒரு அட்டை தொங்கியது.

“விதி சுலபம்” என்றார் இயக்குநர். “மூணு பேர்கிட்டயும் இருந்தா அது மூலத்துல இருந்தது. ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா பிற்காலச் சேர்க்கை. மூக்கைக் காட்டுங்க.”

மூன்று மூக்கும் நீளம். மூலத்தின் மூக்கு நீளம் என்று பதிவானது. மைத்துனருக்கு வழுக்கை, மற்ற இருவருக்கும் இல்லை. வழுக்கை சேர்க்கை. மூவருக்கும் காலையில் எழுந்ததும் பேசினால் பிடிக்காது. சேர்த்துக்கொள்ளப்பட்டது. மூவருக்கும் அடுத்தவர் வண்டி ஓட்டினால் காலடியில் பிரேக்கைத் தேடும் பழக்கம்.

“அக்காதான் எங்களுக்கு அதைப் பழக்கிவிட்டா” என்றாள் மைத்துனி.

“பழக்கமா, பரம்பரையாங்கிறது எங்க பிரிவு இல்லைம்மா.”

மைத்துனர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் திரும்பினார். “மாப்ள, என்ன இது, மாட்டுச் சந்தை மாதிரி பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறாங்க. நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?”

லிஃப்ட்காரர் அட்டையைக் காட்டினார்.

அம்மாவின் உயரம் எவ்வளவு இருந்திருக்கும் என்று இயக்குநர் மூன்று பேரின் உயரத்தையும் கூட்டி வகுத்துக்கொண்டிருந்தபோது மகளுக்கு அழுகை வந்துவிட்டது. சத்தமில்லாத அழுகைதான். இயக்குநர் கணக்கை நிறுத்திவிட்டு மற்ற இருவரையும் உற்றுப் பார்த்தார். அவர்கள் அழவில்லை. அவர்களுக்கு எரிச்சலாக இருந்தது. இயக்குநர் கயிற்றுக்கு அப்பாலும் ஒருமுறை பார்த்தார். அங்கேயும் இல்லை.

“அழுகை” என்றார் குமாஸ்தாவிடம். “ஒருத்தர்கிட்ட மட்டும். பிற்காலச் சேர்க்கை.”

குமாஸ்தா எழுதிக்கொண்டார். பேனாவை மூடிவிட்டுத் தன் கைக்குட்டையை எடுத்து, மடிப்பு கலையாமல், மகளின் நாற்காலிக் கைப்பிடியில் வைத்தார்.

கடைசிக் கேள்விக்கு வந்தார்கள். வீட்டில் ஒருவர் கண்ணயரும் நேரத்தில் நீங்கள் வழக்கமாக என்ன சொல்வீர்கள். மூன்று பேரும் தனித்தனியாகக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். இயக்குநர் மூன்றையும் மேஜையில் பரப்பினார். மூன்றிலும் ஒரே வாக்கியம்: விளக்கை அணைச்சாச்சா?

“விளக்கு” என்றார் இயக்குநர். “பிரகாசிக்கிறது. மூலத்தோட பொருளுக்கே வந்து நிக்குது. பத்தொன்பது வருஷத்துல இப்படி ஒரு மீட்டெடுப்பு நடக்கலை.” அவர் எழுந்து நின்று, முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, வாக்கியத்தைத் தன் கையாலேயே சான்றிதழில் எழுதினார். “மறைந்தவர் கடைசியாகச் சொல்லியிருக்கக்கூடியது. யாரும் கேட்டதில்லை என்பதற்கு நட்சத்திரம் அத்தாட்சி. கூட்டிட்டுப் போங்க உங்க மனைவியை.”

முக்காலியில் இருந்த லிஃப்ட்காரர் எழுந்துவிட்டார். முப்பத்தோரு வருடம் படுக்கப் போகுமுன் கேட்ட குரல் அது. எப்போதும் அவர்தான் மறுபடி எழுந்துபோய்க் கூடத்து விளக்கை அணைப்பார். எப்படி மறந்தார் என்று தெரியவில்லை. மரத்த இடத்தில் ஏதோ ஒன்று லேசாக அசைந்தது.

“ஆமா சார்” என்றார். “தினமும் சொல்லுவா. இதே மாதிரிதான். நான் கேட்டிருக்கேன்.”

குமாஸ்தா கண்ணை மூடிக்கொண்டார்.

“கேட்டிருக்கீங்களா?” என்றார் இயக்குநர்.

“தினமும் சார்.”

இயக்குநர் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “கேட்டிருந்தா நட்சத்திரம் போட முடியாதே. நட்சத்திரம் இல்லேன்னா மீட்டெடுப்பு இல்லை. மீட்டெடுப்பு இல்லேன்னா இது வெறும் ஒரு வீட்டுல நடந்த பேச்சு.” சான்றிதழை நான்காகக் கிழித்தார். கோபமாக இல்லை, மரியாதையோடு கிழித்தார். “ஃபைலை மூடிடுங்க. ஒரு ஃபைலை ஒரு தடவைதான் திறக்கலாம்.”

வெளியே படியிறங்கும்போது மைத்துனி சொன்னாள்: “ஏன் அத்தான் சொன்னீங்க? வாயை மூடிட்டு இருந்திருக்கலாமே.”

“உண்மைதானே” என்றார் லிஃப்ட்காரர்.

“உண்மையைச் சொல்ல இடம் பார்த்தீங்களே.”

இயக்ககத்தில்தான் தேதி கிடையாது. கல்லறைத் தோட்டத்தில் உண்டு. அடக்கம் முடிந்து பதினாலு மாதத்துக்குள் கல் நடவில்லை என்றால் இடத்தைப் பொதுவில் சேர்த்துவிடுவார்கள், மேலே நடைபாதை வந்துவிடும். இன்னும் ஐந்து நாள்தான் பாக்கி. லிஃப்ட்காரர் கல்தச்சரிடம் போனார்.

“அப்படியே நட்டுடுங்க.”

“வெறுங்கல்லாவா அண்ணே? வேற ஏதாவது நல்ல வார்த்தையா போட்டுக்கலாமே. ‘அன்புள்ள’ன்னு போடலாம், ‘நினைவாக’ன்னு போடலாம். அதெல்லாம் பட்டியல்ல கிடையாது.”

“அவளுக்கு வேற எதுவும் நான் சொல்ல வேண்டியதில்லை.”

எழுத்துதான் இல்லை, முகமாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று கல்தச்சர் இரண்டு நாள் உட்கார்ந்து கருங்கல்லைத் தேய்த்து மெருகேற்றினார். தண்ணீர் ஊற்றின தரை மாதிரி ஆகிவிட்டது. தலைமாட்டில், வழக்கம்போல் கொஞ்சம் பின்னால் சாய்த்து நட்டார்.

நட்ட நாலாம் நாள் இயக்ககத்திலிருந்து ஆய்வு வந்தது. புதிய கல் எதுவானாலும் பட்டியல் சொல் இருக்கிறதா என்று பார்க்க ஓர் ஆய்வாளர் வருவது முறை. வந்தவர் மூன்றாம் ஜன்னல் குமாஸ்தா. ஆய்வாளர் பதவியில் இருந்தவர் பார்க்கப்படாத ஊழியர்களில் ஒருவராம். ஆகவே கூடுதல் பொறுப்பு இவருக்கு.

வெயில் ஏறியிருந்தது. குமாஸ்தா பையிலிருந்து படிவத்தை எடுத்து அட்டையில் வைத்து, கல்லை முன்னாலும் பின்னாலும் பார்த்தார். பின்னால் ஒன்றுமில்லை. முன்னால் வந்து நின்றார், குனிந்தார், அசையாமல் அப்படியே இருந்தார். கல் முழுக்க நீலம். நடுவில் ஒரு வெள்ளை மேகம் மெதுவாக இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

“எழுத்து ஏதும் இல்லை” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். “ஆயினும்.”

பேனா நின்றது.

“என்ன சார்?” என்றார் லிஃப்ட்காரர்.

“கள ஆய்வுல கண்ணால கண்டதைக் கண்டபடி எழுதணும். விட்டா என் வேலை போயிடும். கல்லுல மேற்படிப் பொருள் இருக்கு.”

“எழுதிக்கோங்க.”

“அதான் சார் சிக்கல். ‘மேற்படி’ன்னு போடணும்னா அந்தச் சொல் அதே தாள்ல மேலே ஒரு தடவையாவது வந்திருக்கணும். உங்க விண்ணப்பத்துல நீங்களே எழுதியிருந்தீங்க, அதனால நான் போட்டேன். இங்கே கல்லுல எதுவும் எழுதலை. எதைப் பார்த்து மேற்படிங்கிறது?” குமாஸ்தா பேனா மூடியைக் கடித்தார். முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. “எங்கேயிருந்து தெரியுது?”

லிஃப்ட்காரர் தான் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார். “இங்கிருந்து.”

“இங்கிருந்து” என்று எழுதினார் குமாஸ்தா. அடுத்த சொல்லை நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். “அப்புறம் பார்த்தா இருக்குமா?”

“எப்பப் பார்த்தாலும் தெரியும்.”

“தெரியும்.” முற்றுப்புள்ளி வைத்தார். கையெழுத்துப் போட்டார். பையிலிருந்து முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, ஓங்கிக் குத்தினார். நகலைக் கிழித்துக் கொடுத்தார். “இது உங்க மேல நோட்டீஸ் சார். விதிமீறல். முப்பது நாளைக்குள்ள பதில் கொடுக்கணும். தேதி போடலை, அதனால முப்பது எப்ப முடியும்னு எனக்குத் தெரியாது. எழுத்துப் பிழை ஏதாவது இருக்கான்னு மட்டும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க.”

லிஃப்ட்காரர் படித்தார். ‘எழுத்து ஏதும் இல்லை. ஆயினும் இங்கிருந்து வானம் தெரியும்.’ கீழே கோப்பு எண், முத்திரை. பிழை எதுவும் இல்லை என்றார். குமாஸ்தா அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, கைக்குட்டை இல்லாததால் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வாசல் பக்கம் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

கல்தச்சர் அந்தக் காகிதத்தை வெயிலில் தூக்கிப் பிடித்து முத்திரையைச் சோதித்தார். “பதிவான வாக்கியம்தான். ஆனா எடுத்துப் போட்டா முழுசாப் போடணும் அண்ணே. கோப்பு எண், பதவி எல்லாம்.”

“போடுங்க.”

“‘ஆயினும்’?”

“அதையும் போடுங்க.”

கல்லின் அடியோரமாக, சின்ன எழுத்தில், இயக்ககத்தின் கோப்பு எண்ணோடும் ஆய்வாளர் கூடுதல் பொறுப்பு என்ற பதவியோடும் அந்த வாக்கியம் ஏறியது. வேறு எந்தக் கல்லறையிலும் ‘ஆயினும்’ என்ற சொல் இருக்காது. மேலே மிச்சமிருந்த கல் முழுக்க வெறுமையாகவே இருந்தது, அதாவது நீலமாக.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். இரண்டு பேரும் கல்லைத் துடைத்தார்கள். துடைத்து முடித்ததும் லிஃப்ட்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, மனைவிக்குப் பக்கத்தில் இருந்த வெறும் மண்ணில் மெதுவாகப் படுத்தார். எந்த லிஃப்டையும் அவர் மேலிருந்து மட்டும் பார்த்து முடித்ததில்லை. அடிக்குழியில் இறங்கி ஒருமுறை அண்ணாந்து பார்த்தால்தான் அவருக்கு வேலை முடிந்த மாதிரி.

“அப்பா, சட்டையெல்லாம் மண்ணாகுது. என்ன பண்றீங்க?”

“சரியா இருக்கான்னு பார்க்கிறேன்.”

மகள் அவர் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்தாள். “தெரியுதா?”

மரமில்லை, சுவரில்லை, குழாயில்லை. அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

“தெரியுது” என்றார்.

“எப்படி இருக்கு?”

சொல்ல வாயெடுத்தார், முடியவில்லை. கண்ணோரத்தில் நிறைந்து, இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கியது. பதினாலு மாதம் கழித்து லிஃப்ட்காரர் அழுதார். இயக்ககத்தின் விதிப்படி அது பிற்காலச் சேர்க்கை.